கேட்லாக்கில் 464, ஆட்டோபானில் 265: என் பாட்டரி பழுதா?

வாசகர் கேள்வி: மியூனிக்கில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். நீண்ட நாள் ஆசைப்பட்டு, சென்ற ஆண்டு 2021 மாடல் போர்ஷே டைகான் 4 எஸ் மின்கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பெரிய பாட்டரி, 21 அங்குல வீல். விற்றவர் "ஒரு சார்ஜில் 464 கிலோமீட்டர்" என்றார். டிசம்பரில் குடும்பத்தோடு ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கிளம்பினோம். வெளியே 2 டிகிரி. இங்கத்திய நெடுஞ்சாலையான ஆட்டோபானில் வேக வரம்பு இல்லாத இடங்களில் 160, 170-ல் ஓட்டினேன். 100 சதவீதத்தில் கிளம்பியவன், 265 கிலோமீட்டரில் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டேன். திரையில் சராசரிச் செலவு 29.2 என்று காட்டியது. வூர்ட்ஸ்பர்க் அருகே சார்ஜரைத் தேடிப் பிடிப்பதற்குள் பின்சீட்டில் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். 270 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் ஏறும் என்றார்கள். 100-ஐக் கூடத் தாண்டவில்லை. முழுதாக ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிக்னலில் நான் விருட்டென்று கிளம்புவதால்தான் பாட்டரி தீர்கிறது என்கிறார் மனைவி. பாட்டரி செத்துவிட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறான் மச்சான். ஏமாந்துவிட்டேனா சார்? — வாசகர், மியூனிக்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பாட்டரியைப் பார்த்துவிடுவோம், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். அது நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தேவையான மூன்று எண்களையும் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

திரையில் பார்த்த 29.2 என்பது 100 கிலோமீட்டருக்கு ஆன மின்சாரம், கிலோவாட் மணியில். நம் ஊர் கரண்ட் பில்லில் ஒரு யூனிட் என்று போடுகிறார்களே, அதேதான். நான் யூனிட் என்றே சொல்கிறேன். 265 கிலோமீட்டருக்கு 29.2 வீதம் என்றால் சுமார் 77 யூனிட் செலவாகியிருக்கிறது. அது பாட்டரியின் 95 சதவீதம். அப்படியானால் முழுக் கொள்ளளவு சுமார் 81 யூனிட். உங்கள் காரின் பெரிய பாட்டரி மொத்தம் 93.4 யூனிட், அதில் ஓட்டுநர் பயன்படுத்த விடுவது 83.7. புதிதாக வந்தபோது 83.7 இருந்தது, இத்தனை வருடம் கழித்து, அதுவும் குளிரில், 81-க்கு மேல் தந்திருக்கிறது. திரையின் கணக்கில் சின்னப் பிசகு இருக்கலாம், அப்படி வைத்துக்கொண்டாலும் இது ஆரோக்கியமான பாட்டரி. மச்சானிடம் இந்தக் கணக்கை அப்படியே போட்டுக் காட்டுங்கள்.

இதே கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே மாதிரி வானிலையில் போட்டுப் பாருங்கள். போர்ஷே இந்த பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் தருகிறது. உங்கள் கார் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறது.

சரி, பாட்டரி நன்றாக இருக்கிறது. பிறகு அந்த 200 கிலோமீட்டர் எங்கே போனது?

464 என்ற எண் எங்கே பிறக்கிறது என்று சொல்கிறேன். நான் மின்வாகனச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன், அந்த அறையில் நின்றிருக்கிறேன். கார் நகராது. தரையில் பதித்த உருளைகள் மேல் சக்கரங்கள் சுழலும், முன்னால் ஆளுயர விசிறி ஒன்று காற்றடிக்கும். அறை வெப்பம் 23 டிகிரி. காரும் பாட்டரியும் முந்தைய நாளே அந்த வெப்பத்துக்கு வந்திருக்கும். ஏசி, ஹீட்டர் எல்லாம் அணைத்திருக்கும். ஓட்டுநருக்கு எதிரே ஒரு திரையில் வேகக்கோடு ஒன்று ஊர்ந்துகொண்டே வரும். மணிக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் பிசகாமல் அந்தக் கோட்டின்மேல் அவர் காரைப் பிடித்து வைக்க வேண்டும். ஒரு சுற்று 30 நிமிடம், 23 கிலோமீட்டர் சொச்சம். நிறுத்தங்களையும் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். கடைசிப் பகுதியில் மட்டும் 131-ஐத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். ஐரோப்பாவில் 2017-லிருந்து நடைமுறையில் இருக்கும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை இதுதான்.

இதில் பொய் எதுவும் இல்லை. எல்லாக் காரையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க ஒரு தராசு வேண்டும், அதற்காகச் செய்தது இது. ஆனால் அந்தத் தராசில் ஏ9 ஆட்டோபான் கிடையாது, டிசம்பர் கிடையாது, 160 கிடையாது.

உங்களிடம் விற்றவர்மேல் எனக்குக் கோபம் வருவது வேறொரு காரணத்துக்காக. இதே மாடலின் கேட்லாக்கில் ஒற்றை எண் இல்லை. சுமார் 390 முதல் 464 வரை என்றுதான் அச்சடித்திருந்தார்கள். மேல் எண் சின்ன வீல் போட்ட, எடை குறைந்த காருக்கு. 21 அங்குல வீலும் கூடுதல் வசதிகளும் உள்ள காருக்கு அந்த வரம்பின் கீழ்ப்பக்கம்தான் பொருந்தும். அதாவது சோதனைக்கூடத்திலேயே உங்கள் கார் 464 போயிருக்காது. வீலைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே மேல் எண்ணை மட்டும் சொல்லி விற்பது சரியில்லை. வாங்குபவர் அந்த எண்ணை நம்பித்தான் குழந்தைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து நெடுவழி கிளம்புகிறார்.

இனி வேகத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 100-ல் போகும்போது காற்று எவ்வளவு தள்ளுகிறதோ, 200-ல் அதைப்போல் நான்கு மடங்கு தள்ளும். டைகான் காற்றை அழகாகக் கிழிக்கும் கார். அதன் காற்றுத்தடை எண், வகையைப் பொறுத்து 0.22 முதல் 0.25 வரை. அப்படியிருந்தும் வர்க்கத்திடமிருந்து தப்ப முடியாது. இந்த வடிவம், ஆட்களோடு சேர்த்து 2,300 கிலோ எடை, சமதளம், மிதமான வானிலை என்று வைத்து நான் போட்ட தோராயக் கணக்கு இது: 100-ல் சீராகப் போனால் 100 கிலோமீட்டருக்கு 17 அல்லது 18 யூனிட். 130-ல் 23, 24. 160-ல் 30. 200-ல் 42. உங்கள் 83.7 யூனிட்டை இவற்றால் வகுத்தால் 100-ல் 470-க்கு மேல் போகலாம், 130-ல் 350, 160-ல் 280, 200-ல் வெறும் 200.

ஒரே கார், ஒரே பாட்டரி. "இந்தக் காருக்கு ரேஞ்ச் எவ்வளவு?" என்று கேட்டால் "எந்த வேகத்தில்?" என்று திருப்பிக் கேட்காமல் யாரும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட முடியாது.

பெட்ரோல் காரில் இது இப்படி உறைப்பதில்லை, அதற்கும் காரணம் உண்டு. பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதியைச் சூடாகவே வெளியே விட்டுவிடுகிறது. மெதுவாகப் போகும்போது இந்த வீணடிப்பு இன்னும் மோசம். வேகம் கூடினால் இன்ஜின் தன் வேலையைச் சற்று நன்றாகச் செய்யத் தொடங்கும், காற்றுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி அதில் மறைந்துவிடும். மின்மோட்டாரில் வீணாவது மிகக் குறைவு. மறைக்க ஒன்றும் இல்லாததால், காற்று கேட்கும் ஒவ்வொரு யூனிட்டும் அப்படியே திரையில் தெரிகிறது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: உங்கள் பாட்டரியின் 83.7 யூனிட்டும் சேர்ந்து சுமார் ஒன்பதரை லிட்டர் பெட்ரோலின் வெப்பசக்திக்குச் சமம். அதை வைத்துக்கொண்டு இரண்டு டன்னுக்கு மேற்பட்ட காரும் குடும்பமும் 265 கிலோமீட்டர், பெரும்பாலும் 160-ல் போயிருக்கிறீர்கள். எனக்கு அது இன்றும் வியப்புதான்.

மனைவி சொன்ன சிக்னல் விஷயம். நின்ற இடத்திலிருந்து 100 வரை எகிறும்போது காருக்குள் சேரும் இயக்க ஆற்றல் சுமார் கால் யூனிட். மோட்டாரில் இழப்பு சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பத்து முறை எகிறினாலும் மூன்று யூனிட்டைத் தாண்டாது. அதிலும் பிரேக் பிடிக்கும்போது நல்ல பங்கு பாட்டரிக்கே திரும்பி வந்துவிடும். டைகானில் அன்றாட பிரேக்கிங்கில் 90 சதவீதம்வரை மோட்டார்களே செய்துவிடும் என்று போர்ஷே சொல்கிறது. அதிகபட்சம் 265 கிலோவாட் வரை மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப முடியும். ஆகவே சிக்னலில் கிளம்புவதல்ல கள்ளன். பாட்டரியைக் குடிப்பது, ஒரே வேகத்தில் அலுங்காமல், சத்தமில்லாமல், சுகமாகப் போகும் அந்த 160. அங்கே போன சக்தி காற்றைச் சூடாக்கியதோடு சரி, எந்த பிரேக்கும் அதைத் திரும்பக் கொடுக்காது. மனைவிக்கு இதில் பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்: காரணம் உங்கள் கால்தான், இடம்தான் வேறு.

குளிரின் பங்கும் உண்டு. 0 டிகிரிக்கு அருகே காற்று, 20 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 7 சதவீதம் அடர்த்தி. குளிர்கால டயரும் ஈரச் சாலையும் தம் பங்கைக் கேட்கும். எல்லோரும் திட்டுவது ஹீட்டரை. நெடுஞ்சாலையில் அது அவ்வளவு பெரிய கள்ளன் அல்ல. 3 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்தால், 130-ல் போகும்போது 100 கிலோமீட்டருக்கு 2.3 யூனிட்தான் ஆகும். அதே ஹீட்டர் நகர நெரிசலில், மணிக்கு 25 கிலோமீட்டர் சராசரியில், 100 கிலோமீட்டருக்கு 12 யூனிட் தின்னும். எனவே ஆட்டோபானில் குழந்தைகளைக் குளிரில் நடுங்க வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். வேகத்தை 10 குறைத்தாலே கிட்டத்தட்ட அதே அளவு மிஞ்சும். உங்கள் காரில் ஹீட் பம்ப், அதாவது குறைந்த மின்சாரத்தில் உள்ளறையைச் சூடாக்கும் கருவி, இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். அந்த வருடத்து ஐரோப்பிய டைகான்களில் அது தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் வசதியாக இருந்தது.

அடுத்தது சார்ஜர். எனக்கு இதில்தான் உங்கள்மேல் உண்மையான இரக்கம், ஏனென்றால் இதை உங்களுக்கு யாருமே சொல்லித் தந்திருக்கவில்லை. டைகான் 800 வோல்ட் கார். அதே சக்தியைப் பாதி மின்னோட்டத்தில் வாங்கிக்கொள்ளும். கேபிளில் வீணாகும் சூடு கால் பங்காகிவிடும். 270 கிலோவாட் என்ற எண் சாத்தியமானது இதனால்தான். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் நிபந்தனைகள் இருக்கின்றன. சார்ஜரும் 800 வோல்ட் தரக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய டைகான் 400 வோல்ட் சார்ஜரில் சாதாரணமாக 50 கிலோவாட்தான் வாங்கும். 150 வாங்குவது தனி ஆப்ஷன். ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் முழுதாக ஏறியதால், உங்களுக்கு 50-ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆகவே நீங்கள் நின்றது சரியான சார்ஜராகத்தான் இருக்கும். அப்படியானால் சந்தேகம் குளிர்ந்த பாட்டரிமேல் விழுகிறது. லித்தியம் பாட்டரி குளிரில் வேகமாக மின்சாரம் வாங்காது, வாங்கவும் கூடாது. காரின் நேவிகேஷனில் சார்ஜரைச் சேருமிடமாகப் போட்டால், கார் வழியிலேயே பாட்டரியைச் சூடாக்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் போனில் சார்ஜரைத் தேடிப் பிடித்தீர்கள் என்று ஊகிக்கிறேன். போனுக்குத் தெரிந்தது காருக்குத் தெரியவில்லை.

அதோடு 100 சதவீதம்வரை காத்திருந்தீர்கள். 5-லிருந்து 80 வரை, பாட்டரி சூடாகவும் சார்ஜர் சரியாகவும் இருந்தால், 22.5 நிமிடம். மிச்சம் 20 சதவீதம் ஏறுவது வேறு கதை. ஊரே இறங்கிய பிறகு டவுன்பஸ் உருளுகிற மாதிரி உருளும். வழியில் அதற்குக் காத்திருக்காதீர்கள்.

இப்போது கடைசிக் கேள்வி, ஏமாந்தீர்களா என்பது. இந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

2019 ஆகஸ்டில், அறிமுகத்துக்கு முன்பு, தென் இத்தாலியில் நார்டோ என்ற ஊரிலுள்ள வட்டச் சோதனைப் பாதையில் டைகானை 24 மணி நேரம் ஓட்டினார்கள். ஓடும்போது வேகம் 195-லிருந்து 215 வரை. கடும் கோடை. சார்ஜ் செய்யவும் ஓட்டுநர் மாறவும் மட்டும் நிறுத்தினார்கள். முடிவில் 3,425 கிலோமீட்டர். நிறுத்தங்களைச் சேர்த்து மணிக்கு சுமார் 143 கிலோமீட்டர் சராசரி. டைகானை ஒரு விமான ஓடுதளத்தில் நின்ற இடத்திலிருந்து 200 வரை அடுத்தடுத்து 26 முறை எகிற வைத்தார்கள், சோர்ந்துபோகவில்லை. ஒருமுறை சீறிவிட்டுப் பிறகு சூட்டில் சுருங்கிவிடும் மின்கார்களை நான் சோதனைக்கூடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ., டைகானின் இன்னொரு வகையான டைகான் டர்போவுக்கு 201 மைல், அதாவது 323 கிலோமீட்டர் என்று அறிவித்தது. உடனே இந்தக் கார் தேறாது என்று எழுதித் தள்ளினார்கள். சாலையில் ஓட்டிய பலருக்கு அந்த எண்ணுக்கு மேலேயே கிடைத்தது. ஐரோப்பாவில் உயரமான எண், அமெரிக்காவில் குட்டை எண், கார் என்னவோ ஒன்றுதான்.

இதைச் செய்தவர்கள் தூரத்தை மட்டும் துரத்தவில்லை. திரும்பத் திரும்ப வேகம், சீக்கிரம் சார்ஜ், மறுபடி வேகம் என்பதற்காகச் செய்தார்கள். எனவே ரேஞ்சை விட்டுவிட்டு, ஓட்டும் நேரத்தையும் சார்ஜ் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். என் கணக்கில் 100 கிலோமீட்டரைக் கடக்க, அதற்கான சார்ஜ் நேரத்தோடு சேர்த்து, 110-ல் 61 நிமிடம், 140-ல் 52, 200-ல் 45. முதல் 30 கிலோமீட்டர் வேகம் கூட்டியதில் 9 நிமிட லாபம். அடுத்த 60 கூட்டியதில் 7 நிமிடம்தான். கூடுதலாக ஒருமுறை சாலையை விட்டு இறங்கி, கேபிளை மாட்டி, திரும்ப ஏறினால் அந்த லாபமும் போய்விடும். குடும்பத்தோடு போகும்போது 130, 140 போதும் என்பேன். ஜெர்மனியில் 1970-களிலிருந்து பரிந்துரைக்கும் வேகமும் அந்த 130தான். தனியாக, கோடையில், சாலை காலியாக இருக்கும் ஒரு ஞாயிறு அதிகாலையில் 200 தொடுங்கள். அதற்காகத்தானே ஆசைப்பட்டு வாங்கினீர்கள்.

விற்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே ஒரு விதிவிலக்கு: வாராவாரம் குளிர்காலத்திலும் ஃபிராங்க்ஃபர்ட் போய்வர வேண்டிய வேலை என்றால், 2024-ல் வந்த திருத்திய டைகான் நிஜமாகவே மேலானது. பயன்படும் பாட்டரி 97 யூனிட், 320 கிலோவாட் சார்ஜ், 10-லிருந்து 80-க்கு 18 நிமிடம். வருடத்துக்கு நான்கைந்து பயணத்துக்காக அவ்வளவு பணத்தைக் கொட்டாதீர்கள்.

அதற்கு முன்பு ஒரு வேலையைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். சில டைகான் பாட்டரிகளில் உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகும் வாய்ப்பு இருப்பதாக 2024-ல் திரும்ப அழைப்பு விட்டார்கள். அந்த வண்டிகளைச் சரிசெய்யும்வரை 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு அந்தக் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். உங்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வரும்வரை 80-லேயே நிறுத்துங்கள்.

அது தெளிவான பிறகு, அடுத்த ஃபிராங்க்ஃபர்ட் பயணத்தை இப்படிச் செய்து பாருங்கள். முதல் நாள் மாலை டயரில் காற்றைச் சரிபாருங்கள். குளிரில் அழுத்தம் இறங்கியிருக்கும். கிளம்பும் நேரத்தை காரில் பதிந்து, வீட்டு சார்ஜரில் மாட்டியபடியே விடுங்கள். உள்ளறையைச் சூடாக்கும் மின்சாரம் வீட்டிலிருந்து போகட்டும். முழுச் சார்ஜ் அந்த ஒரு நாளுக்கு மட்டும், மற்ற நாளில் 80 போதும். நேவிகேஷனில் வூர்ட்ஸ்பர்க் அருகிலுள்ள 800 வோல்ட் சார்ஜரை வழிநிறுத்தமாகப் போடுங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ரேஞ்ச் மோடை வைத்துக்கொண்டு 130-ல் போங்கள். குளிரிலும் 26 யூனிட்டுக்குள் அடங்கினால், வூர்ட்ஸ்பர்க் வரையிலான சுமார் 280 கிலோமீட்டருக்குப் பிறகு 12 சதவீதம் சொச்சம் மிஞ்சும். மிச்சமுள்ள தூரத்துக்கு 55 சதவீதம்வரை ஏறினாலே போதும். பாட்டரி சூடாக இருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், குழந்தைகள் கழிப்பறை போய்வருவதற்குள். போய்ச் சேர்ந்ததும் திரையின் சராசரி எண்ணையும் மிச்சச் சதவீதத்தையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.